நீர்ப்பறவையும் வீட்டுக்கோழியும்



தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மலைச்சரிவுகளில் வெயில் தலைகாட்டத் தொடங்கும் நாட்களில், எங்கள் கினிகத்தேனைப் பகுதிக்கு ஆண்டுதோறும் சில விருந்தினர் வருவதுண்டு. ஓடைக்கரைப் பாறைகளின்மேல் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் வாலாட்டிக் குருவி அவற்றுள் ஒன்று. வடக்கே வெகுதொலைவிலுள்ள குளிர்நாடுகளிலிருந்து வந்து, சில மாதங்கள் நம்மோடு தங்கி, பங்குனி சித்திரையளவில் அது திரும்பிச் சென்றுவிடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனைக் காண்பதில் ஒரு மகிழ்ச்சி. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்னர், அயல்நாடுகளில் பறவைக் காய்ச்சல் பரவுகின்றது என்ற செய்தி வானொலியிலும் பத்திரிகைகளிலும் அடிபட்டபோது, அம்மகிழ்ச்சி அச்சமாக மாறிற்று. பாடசாலைக்கு வரும் வழியில் கொக்குகளையும் காகங்களையும் கல்லெறிந்து துரத்தும் சிறுவர்களைக் கண்டேன். வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து, “எங்கள் அம்மாவின் கோழிகளையும் கொன்றுவிடுவார்களா, சேர்?” என்று கேட்டாள்.

அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். லயத்தின் பின்புறத்தில் ஏழு கோழிகளை வளர்த்து வந்தார். தோட்டச் சம்பளம் கடைக்கணக்குக்கே போதாத வீட்டில், முட்டை விற்ற காசும், தீபாவளிக்கு ஒரு சேவலை விற்ற காசுமே பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவுவன. ஆதலின், அந்தச் சிறுமியின் வினா வெறும் விளையாட்டு வினா அன்று. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், வரலாறு பயின்றவன். எனவே, இந்நோய் காட்டுப் பறவைகளுக்கும் வீட்டுப் பறவைகளுக்கும் இடையே எவ்வாறு சென்று வருகின்றது என்பதை வரலாற்றின் வழியாகவே அறிந்துகொள்ள முற்பட்டேன். அறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

இந்நோயைப் பிற கோழிநோய்களினின்றும் பிரித்து முதன்முதலாக விவரித்தவர் இத்தாலிய அறிஞர் எடுவார்தோ பெரொன்சித்தோ ஆவார். 1878ஆம் ஆண்டில், வட இத்தாலியின் தூரின் நகரைச் சூழ்ந்த பகுதிகளில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தமையை அவர் பதிவு செய்தார். அக்காலத்தில் இதற்குக் ‘கோழிக் கொள்ளைநோய்’ என்றே பெயர். 1901ஆம் ஆண்டில் சென்ரானி, சவனுசி என்னும் இரு இத்தாலிய ஆய்வாளர்கள், பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியையும் ஊடுருவிச் செல்லும் ஏதோவொன்றே இந்நோய்க்குக் காரணம் என்று காட்டினர். நாம் இன்று வைரசு என்று வழங்குவதனை அவர்கள் கண்ணாற் காணாமலே அறிந்துகொண்டனர்.

அதே 1901ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஜேர்மனியின் பிரவுன்சுவைக்கு நகரில் ஒரு கோழிக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே நோய் தோன்றியதும், கண்காட்சியை மூடிவிட்டு, கோழிகளை உரியவர்களிடமே கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டனர். கோழிகளோடு நோயும் அவரவர் ஊருக்குச் சென்றது. ஜேர்மனியின் பல பகுதிகளில் அது பரவிற்று. இங்கே எந்தக் காட்டுப் பறவைக்கும் வேலை இருக்கவில்லை. கூடையும் புகைவண்டியுமே நோயைச் சுமந்து சென்றன. இந்நோயின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி இதுவாகும்.

பின்னர், 1933ஆம் ஆண்டில் மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சாக் காய்ச்சலின் வைரசு இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும், மனிதரின் காய்ச்சலையும் கோழியின் கொள்ளைநோயையும் இணைத்துப் பார்க்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1955ஆம் ஆண்டில், ஜேர்மனியின் தூபிங்கன் நகரில் பணியாற்றிய வேர்னர் சாபர் என்பவர், கோழிக் கொள்ளைநோயை உண்டாக்குவதும் இன்புளுவென்சா வைரசின் ஒரு வகையே என்று நிறுவினார். மனிதனும் கோழியும் ஒரே குடும்பத்து வைரசுகளுக்கு ஆளாகின்றனர் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

அவ்வாறாயின், இவ்வைரசின் பிறந்த வீடு எது? 1961ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கக் கடற்கரையில் ஆலாக்கள் எனப்படும் கடற்பறவைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இறந்து கிடந்தன. ஐரோப்பாவின் வடபுறத்திலே குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் ஆபிரிக்காவின் தென்முனைவரை பறந்து செல்லும் பறவைகள் அவை. இறந்த ஆலாக்களின் உடலிலிருந்து இன்புளுவென்சா வைரசு பெறப்பட்டது. காட்டுப் பறவையிடமிருந்து இவ்வைரசு பெறப்பட்டது அதுவே முதல் தடவையாகும்.

இச்செய்தி இரு நண்பர்களின் மனத்தில் நின்றது. ஒருவர் அவுஸ்திரேலியரான கிரேயம் லேவர். மற்றவர் நியூசிலாந்தில் பிறந்த ரொபேர்ட் வெப்ஸ்டர். 1967ஆம் ஆண்டில் அவ்விருவரும் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் உலாவியபோது, இறந்த கடற்பறவைகள் பல கரையொதுங்கிக் கிடந்தமையைக் கண்டனர். இவையும் அந்தக் காய்ச்சலினால் இறந்திருக்குமோ என்ற ஐயம் அவர்களுக்குத் தோன்றிற்று. அவுஸ்திரேலியாவின் பவளப் பெருந்தொடரிலுள்ள தீவுகளுக்குச் சென்று, கடற்பறவைகளின் குருதியைச் சோதித்தனர். இன்புளுவென்சாவை எதிர்த்து உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் அக்குருதியிலே காணப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் வைரசே அப்பறவைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால், அப்பறவைகள் நோயுற்றனவாகத் தோன்றவில்லை என்பதே வியப்புக்குரியது.

இதன்பின் ஆராய்ச்சி நன்னீர் வாத்துகளின் பக்கம் திரும்பிற்று. 1970களில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து ஏரிகளில் வெப்ஸ்டரும் அவருடைய தோழர்களும் காட்டுவாத்துகளை ஆண்டுதோறும் பிடித்துச் சோதித்தனர். கோடைமுடிவில், தெற்கு நோக்கிப் புறப்படுவதற்கு முன்னர், வாத்துகள் ஏரிகளிலே பெருந்திரளாகக் கூடுகின்றன. அவ்வேளையில் அவ்வாண்டு பிறந்த இளவாத்துகளுட் பலவற்றில் வைரசு இருந்தது. அது அவற்றின் மூச்சுக்குழாயில் இருந்ததைக் காட்டிலும் குடலிலேயே மிகுதியாகப் பெருகியது. எச்சத்தோடு வெளியேறி ஏரிநீரிற் கலந்தது. அந்நீரை அருந்திய மற்ற வாத்துகள் அதனை ஏற்றுக்கொண்டன. மனிதரிடத்தே தும்மலாலும் இருமலாலும் பரவும் காய்ச்சல், வாத்துகளிடத்தே நீராலும் எச்சத்தாலும் பரவுகின்றது.

1978ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையைக் காட்டிற்று. வாத்தின் எச்சத்திலுள்ள வைரசு, 4 பாகை செல்சியசுக் குளிரில் 30 நாட்களேனும் உயிர்ப்புடன் இருந்தது. 20 பாகையில் அது 7 நாட்கள்வரை நிலைத்தது. குளிரும் ஈரமும் இவ்வைரசுக்கு நண்பர்கள். வெயிலும் வெப்பமும் சவர்க்கார நீரும் அதற்குப் பகைவர்கள். மழையும் பனிமூட்டமும் மிகுந்த நம் மலைநாட்டில் வாழ்வோர் இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். காட்டுவாத்துக்குத் தீங்கு செய்யாத வைரசு, கோழியை மட்டும் ஏன் கொல்லுகின்றது? இவ்வைரசின் மேற்பரப்பில் இருவகைப் புரதங்கள் உள்ளன. அவற்றை எச் என்றும் என் என்றும் குறிப்பர். பறவைகளிடத்தே எச் வகைகள் 16உம், என் வகைகள் 9உம் காணப்படுகின்றன. எச்5 என்1, எச்5 என்8 முதலிய பெயர்கள் இவ்வாறு எழுந்தனவே. இவற்றுள் எச்5, எச்7 ஆகிய இரு வகைகளே கோழிகளிடத்துக் கொடிய கொள்ளைநோயாக மாறும் இயல்புடையன.

எச் என்னும் புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட்டாலன்றி வைரசு அடுத்த கலத்துக்குள் நுழைய இயலாது. மென்மையான வைரசின் புரதத்தை வெட்டவல்ல நொதியம் குடலிலும் மூச்சுவழியிலும் மட்டுமே உண்டு. ஆதலால் நோய் அங்கேயே அடங்கி நிற்கும். ஆனால், கோழிகளிடையே மீண்டும் மீண்டும் பெருகும்போது, அவ்வெட்டுவாயில் சிறு மாற்றம் ஏற்படுவதுண்டு. அம்மாற்றம் நேர்ந்தபின், உடலெங்கும் உள்ள நொதியங்களால் அப்புரதம் வெட்டப்படக்கூடியதாகின்றது. மூளை, இதயம், ஈரல் என எல்லா உறுப்புகளிலும் வைரசு பெருகுகின்றது. ஓரிரு நாட்களில் கோழி மடிகின்றது.

இம்மாற்றம் எங்கே நேர்கின்றது என்பதே முதன்மையான செய்தி. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோழிகளிடையே ஓர் எளிய காய்ச்சல் தோன்றியது. முட்டை சற்றுக் குறைந்தது. சில கோழிகள் இறந்தன. ஆறு மாதங்கள் கழித்து, ஒக்டோபரில், அதே வைரசு கொடியதாக மாறி, கொட்டகை கொட்டகையாகக் கோழிகளை அழித்தது. அதனை அடக்குவதற்காக ஏறத்தாழ ஒரு கோடியே 70 இலட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. காட்டு நீர்ப்பறவையிடமிருந்து வந்த வைரசு சாதுவாகவே வந்தது. ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கி வளர்க்கப்பட்ட இடத்திலேதான் அது கொடுமையைக் கற்றுக்கொண்டது. வந்தது காட்டிலிருந்து என்றால், வளர்ந்தது நம் கூட்டில் என்றே சொல்லவேண்டும்.

இனி, நம் காலத்துப் பெருநோயின் தொடக்கத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டில், தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துப் பண்ணையொன்றில் நோயுற்ற ஒரு பெருவாத்திடமிருந்து எச்5 என்1 வைரசு பெறப்பட்டது. மறு ஆண்டு அது ஹொங்கொங்கை அடைந்தது. உயிர்க்கோழிகளும் வாத்துகளும் காடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகளில் அடுக்கி விற்கப்பட்ட சந்தைகளில் அது பரவிற்று. 1997ஆம் ஆண்டில் அந்நகரில் 18 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் இறந்தனர். டிசெம்பர் மாத இறுதியில் ஹொங்கொங் அரசு ஏறத்தாழ 15 இலட்சம் பறவைகளைக் கொன்று நோயை அப்போதைக்குத் தடுத்தது. ஆனால், வேர் அழிந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் இறுதியிலும் 2004ஆம் ஆண்டிலும் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளில் நோய் பெருந்தீயாகப் பரவிற்று.

அதன்பின் வரலாறு ஒரு புதிய திருப்பத்தை அடைந்தது. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், சீனத்தின் மேற்கே உயர்ந்த மேட்டுநிலத்திலுள்ள சிங்காய் ஏரியில் காட்டுப் பறவைகள் மடியத் தொடங்கின. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை இறந்தன. அவற்றுள் மிகுதியானவை வரித்தலை வாத்துகள். இமயமலைக்கு மேலாகப் பறந்து இந்தியாவுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிப்பவை அவை. பழுப்புத்தலைக் கடற்காகங்களும் அங்கு இறந்தன. அவ்வினத்துக் கடற்காகங்கள் ஆண்டுதோறும் நம் மன்னார்க் கரைக்கும் வருவன. கூட்டிலே கொடுமை கற்ற வைரசு, இப்போது காட்டுக்குத் திரும்பிச் சென்று, தன்னை ஆதியில் சுமந்தவர்களின் இனத்தையே கொல்லத் தொடங்கிவிட்டது. அன்றுமுதல் நோய் செல்லும் பாதை ஒருவழிப் பாதை அன்று, இருவழிப் பாதையாயிற்று.

மறு ஆண்டு, 2006 பெப்ரவரியில், இந்தியாவில் முதன்முதலாக இந்நோய் கண்டறியப்பட்டது. மகாராட்டிர மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள நவாப்பூரின் பெருங்கோழிப் பண்ணைகளிலே அது தோன்றிற்று. போபால் நகரத்து உயர்காப்பு ஆய்வுகூடம் அதனை உறுதிப்படுத்தியது. பண்ணைக் கோழிகள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. 2008 சனவரியில் மேற்கு வங்காளத்தில் நோய் தோன்றியபோது நிலைமை வேறுவிதமாக இருந்தது. அங்கே பெரும்பண்ணைகளைக் காட்டிலும் ஏழை வீடுகளின் முற்றங்களிலேயே நோய் பரவிற்று. வீர்பூம் மாவட்டத்தில் வெளிப்பட்டு, மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கும் அது சென்றது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. சில இடங்களில் மக்கள் தங்கள் கோழிகளைக் கொடுக்க மறுத்தனர், ஒளித்தும் வைத்தனர். இழப்பீடு தருவதாக அரசு கூறிய போதும், அது கைக்கு வருமா, எப்போது வரும் என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்துத் தாயார் ஒருவர் தம் ஏழு கோழிகளை ஒளித்துவைத்தால், அது அறியாமையால் மட்டுமன்று, வறுமையாலும் நேர்வதே என்பதை நான் அறிவேன்.

காட்டுப் பறவையும் வீட்டுப் பறவையும் சந்திக்கும் இடம் எது என்பதை நன்கு விளக்குவது கேரளத்தின் குட்டநாடு. கடல்மட்டத்துக்கும் தாழ்வான வயல்களில் நெல் விளையும் நாடு அது. அறுவடை முடிந்ததும், சிந்திய மணிகளையும் நத்தைகளையும் உண்பதற்காக ஆயிரக்கணக்கான வீட்டு வாத்துகளை வயல்களில் மேயவிடுவர். அதே நீர்தேங்கிய வயல்களுக்கு வடக்கிலிருந்து வரும் காட்டுவாத்துகளும் கொக்குகளும் இரைதேடி இறங்குகின்றன. ஒன்றின் எச்சம் கலந்த நீரை மற்றொன்று அருந்துகின்றது. 2014 நவெம்பரில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனந்திட்டை மாவட்டங்களில் வாத்துகளிடையே எச்5 என்1 நோய் கண்டு, இலட்சக்கணக்கான வாத்துகள் அழிக்கப்பட்டன. 2016இலும், 2021 சனவரியிலும் எச்5 என்8 வகை அப்பகுதியை மீண்டும் தாக்கியது. தாய்லாந்தில் 2004ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஆராய்ந்தவர்களும், நெல்வயல்களில் மேயும் வாத்துகள் மிகுந்த இடங்களிலேயே நோயும் மிகுந்திருந்தது என்று கண்டனர். வீட்டு வாத்து சில வேளைகளில் நோயின் அடையாளம் எதுவுமின்றியே வைரசை நாட்கணக்கில் எச்சத்தோடு வெளியேற்றும். அது வயலிலிருந்து மாலையில் வீடு திரும்பும்போது, காட்டின் வைரசு முற்றத்துக் கோழியை வந்தடைகின்றது.

காகம், மைனா, ஊர்க்குருவி ஆகியனவும் இவ்வாறு இடையிலே பாலமாதல் கூடும். பண்ணையின் குப்பைமேட்டில் எறியப்பட்ட இறந்த கோழியைக் காகம் கொத்துகின்றது, தானும் நோயுறுகின்றது. இந்தியாவில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஜம்செட்பூரிலும், 2021இல் இந்தூரிலும் காகங்கள் திரளாக இறந்தபோது அவற்றிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. காகம் நோயைக் கொண்டுவந்தது என்று எண்ணுமுன், அக்காகம் அதனை எங்கிருந்து பெற்றது என்றும் கேட்டல் வேண்டும்.

நேயர்களே, பறவைக் காய்ச்சலைப் பரப்புவது சிறகா, சக்கரமா என்று அறிஞர்களிடையே நெடுநாள் வாதம் நடந்தது. சக்கரத்தின் பக்கம் சான்றுகள் பல. 2004 ஒக்டோபரில், தாய்லாந்திலிருந்து ஒருவர் தமது கைப்பையில் மறைத்துக் கொண்டுவந்த இரு கழுகுகள் பிரசெல்சு விமானநிலையத்தில் பிடிபட்டன. இரண்டும் எச்5 என்1 நோய் கொண்டிருந்தன. கள்ளக் கடத்தலும் கோழி வணிகமும், முட்டைத் தட்டுகளும் தீவனச் சாக்குகளும், பண்ணையாளரின் சப்பாத்திலே ஒட்டிய சேறும் நோயை நாடுவிட்டு நாடும் ஊர்விட்டு ஊரும் கொண்டு சென்றன. சிறகின் பக்கமும் சான்றுகள் உண்டு. 2020 டிசெம்பர் முதல் 2021 தொடக்கம் வரை, இமாசலப் பிரதேசத்தின் பொங் நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் காட்டுப் பறவைகள் எச்5 என்1 நோயால் இறந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகளே. 2021இன் இறுதியில் நோய் அத்திலாந்திக் கடலைக் கடந்து வட அமெரிக்காவை அடைந்தது. 2022இல் தென்னமெரிக்காவுக்குச் சென்று, பெரு நாட்டுக் கரையில் கூழைக்கடாக்களையும் பிற கடற்பறவைகளையும் பெருந்தொகையாகக் கொன்றது. கடற்சிங்கங்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2023 ஒக்டோபரில் தென் ஜோர்ஜியாத் தீவையும், 2024 பெப்ரவரியில் அந்தாட்டிக்காப் பெருநிலத்தையும் அது எட்டியது. 2024 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் கறவை மாடுகளிடத்தும் அது காணப்பட்டது.

ஆகவே, இன்று நாம் கூறக்கூடிய நடுநிலையான விடை இதுவே. நெடுந்தூரம் செல்லுதற்குச் சிறகும் உதவுகின்றது, சக்கரமும் உதவுகின்றது. ஆனால், ஒரு நாட்டுக்குள் வந்தபின் கூட்டுக்குக் கூடு, சந்தைக்குச் சந்தை அதனைச் சேர்ப்பிப்பது பெரும்பாலும் மனிதனின் கையும் காலும் வாகனமுமே. சிறகைத் தடுக்க நம்மால் இயலாது. கையையும் காலையும் வாகனத்தையும் தடுக்க இயலும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கை, மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடியில் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையும் பெருநிலம் இல்லை. ஆதலால், வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு நம் தீவே பயண முடிவிடம். மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் கடனீரேரிகள், சுண்டிக்குளம், தெற்கே பூந்தலை ஆகிய இடங்களில் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் கடற்காகங்களும் பூநாரைகளும் கூடுகின்றன. மன்னாரில் முதுகிலே சிறு கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட கடற்காகங்கள், இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, வட ரசியாவின் ஆட்டிக்குக் கரைவரை சென்றமையை நம் நாட்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கண்டுள்ளனர். 2006இல் இந்தியாவில் நோய் தோன்றியபோது, பாக்குநீரிணைக்கு இப்பால் இருந்த நாம் அத்துயரைக் காணவில்லை. அதற்காக அயர்ந்திருத்தல் அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டின் பெருங்கோழிப் பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்களிலேயே செறிந்துள்ளன. புத்தளம் கடனீரேரியோ வலசைப் பறவைகள் இறங்கும் இடம். நீர்ப்பறவையும் பண்ணைக்கோழியும் அண்மையில் வாழும் பகுதி அதுவே. அங்கிருந்து மலைநாட்டுக்கு நோய் வருமாயின், எவ்வழியில் வரும்? எங்கள் ஓடைக்கரை வாலாட்டிக் குருவியின் சிறகிலே வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இவ்வைரசின் இயல்பான இருப்பிடம் வாத்தும் கடற்காகமும் கரைப்பறவையும் அன்றிச் சிறுகுருவிகள் அல்ல. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக மலையேறி, கினிகத்தேனைச் சந்தியில் இளைப்பாறி, அட்டனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கூடு கூடாகக் கோழிகளை ஏற்றிக்கொண்டு வரும் லொறியில் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. 1960களில் கட்டப்பட்ட காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையில் வாத்து வளர்ப்போர் இருப்பின், அவர்களும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பொங் நீர்த்தேக்கமும் அணைகட்டி மனிதர் உண்டாக்கிய நீர்நிலையே அன்றோ?

இந்நோய் மனிதரை எளிதிற் பற்றுவதில்லை; பற்றினால் கொடியது. 2003 முதல் 2024 வரை உலகில் 900க்கு மேற்பட்டோர் எச்5 என்1 நோய்க்கு ஆளாயினர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். நோயுற்ற கோழியைக் கையால் தொட்டோரும், இறந்ததை அறுத்துச் சுத்தம் செய்தோருமே அவர்களுட் பலர். நன்கு வெந்த இறைச்சியாலும் முட்டையாலும் அச்சமில்லை. 70 பாகை செல்சியசு வெப்பம் உள்வரை சென்றால் வைரசு அழிந்துவிடும். ஆனால், திடீரென இறந்த கோழியை வீணாக்கக்கூடாது என்று எண்ணிக் கறியாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை உடனே கைவிடுதல் வேண்டும்.

கோழிகள் இறந்தால் அது பறவைக் காய்ச்சலே என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வெள்ளைக்கழிச்சல் என்றும் இராணிக்கேத்து நோய் என்றும் வழங்கும் நோயும் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும். அது வேறொரு வைரசால் உண்டாவது. அதற்குத் தடுப்புமருந்து உண்டு. கண்ணாற் பார்த்து இரண்டையும் பிரித்தறிதல் அனுபவமுள்ளவர்க்கும் அரிது. தலை வீங்கி, கொண்டை நீலம்பாய்ந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் பல கோழிகள் இறக்குமாயின், அருகிலுள்ள அரச மிருக வைத்தியருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. இறந்தவற்றை ஓடையில் எறியாது, கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து எடுத்துவைத்து, பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

மற்றவை எளிய செயல்களே. கோழிக்கு வைக்கும் தீனியையும் நீரையும் காகமும் கொக்கும் அணுகாதவாறு கூரையின்கீழ் வைத்தல். ஓடைநீரை அப்படியே கொடாது கிணற்றுநீரையோ குழாய்நீரையோ கொடுத்தல். வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டில் அடையாதிருத்தல். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு கிழமையேனும் வேறாக வைத்து, பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல். பிறர் பண்ணைக்குச் சென்று வந்த சப்பாத்தைக் கழுவாமல் நம் கூட்டுக்குள் நுழையாதிருத்தல். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. 1901இல் பிரவுன்சுவைக்கு நகரத்தார் கோழிகளை ஊருக்கு அனுப்பாது அங்கேயே நிறுத்தியிருந்தால் எத்தனை கூடுகள் தப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான் இன்று கூறும் விடை இது. காகமொன்று இறந்து கிடந்ததற்காக உன் தாயின் கோழிகளை யாரும் கொல்லமாட்டார்கள். இறந்த காகத்தைத் தொடாமல் பெரியோருக்குச் சொன்னாற் போதும். அயலில் உள்ள கோழிகளிடத்தே நோய் உறுதிப்படுத்தப்பட்டால், குறித்த தூரத்துக்குள் உள்ள எல்லாக் கோழிகளையும் அழிக்கவேண்டி வரலாம். அது கொடுமையாகத் தோன்றினும், அப்பால் உள்ள ஊர்களின் கோழிகளும் மனிதரும் அதனாற் காக்கப்படுகின்றனர். அந்நாள் வருமாயின், கோழியைக் கொண்டு செல்வோர் அதன் விலையையும் தாமதமின்றிக் கொடுத்துச் செல்லவேண்டும் என்று கேட்கும் உரிமை உன் தாய்க்கு உண்டு. வங்காளத்து முற்றங்கள் கற்பித்த பாடம் இது. இழப்பீடு உறுதி என்று நம்பும் ஏழை நோயை மறைக்கமாட்டார். அந்த நம்பிக்கையை நோய் வருமுன்னரே உண்டாக்குவது அதிகாரத்தில் உள்ளோரின் கடமையாகும்.

கொக்கை எறிந்த சிறுவர்களுக்கும் ஒரு சொல். அப்பறவைகள் நமக்குப் பகையல்ல. அவற்றைத் துரத்தினால் நோய் குறையாது. ஒரு நீர்நிலையில் இருந்தவை பல நீர்நிலைகளுக்குச் சிதறிச் செல்லும். வாத்தின் குடலிலே நெடுங்காலம் சாதுவாக இருந்த ஒன்றை நம் கூடுகளே கொடியதாக்கின என்பதை இந்நூறு ஆண்டு வரலாறு காட்டுகின்றது. திருத்தவேண்டியதும் நம் கூடுகளையே. அடுத்த ஐப்பசியிலும் வாலாட்டிக் குருவி எங்கள் ஓடைக்கரைக்கு வரும். அதனைக் கல்லின்றி வரவேற்று, கோழிக்கூட்டின் கதவைச் சரியாகச் சாத்திவைக்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்லி வருகின்றேன்.